5 ஆண்டு 10 ஆண்டாகிறதா? பிரிட்டன் பி.ஆர். விதி மாற்றம் யாரைப் பாதிக்கும்?

“இன்னும் ஒரு வருஷம்தான்மா, பி.ஆர். வந்துடும். அப்புறம் ஊருக்கு வந்து ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கேன்.”

பிரிட்டனில் வேலை பார்க்கும் மகனோ மகளோ போனில் இப்படிச் சொல்லிக் கேட்டுப் பழகிய வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. அந்த ‘ஒரு வருஷம்’ இப்போது ஆறு வருஷமாகிவிடுமோ என்ற பயம் வந்திருக்கிறது. கேர் ஹோமில் வேலை செய்பவராக இருந்தால் பதினொரு வருஷம்கூட ஆகலாம்.

காரணம், 2025 நவம்பர் 20 அன்று பிரிட்டன் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட அறிவிப்பு. நிரந்தரமாகத் தங்கும் உரிமை இனி தானாகக் கிடைக்காது, ‘சம்பாதித்து’ பெற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இந்த விதி புதிதாக வருபவர்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே அங்கே போய் வரி கட்டி வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான் இத்தனை பதற்றத்துக்கும் காரணம்.

இப்போது என்ன விதி?

நம்மவர்கள் பி.ஆர். என்று சொல்வதன் பிரிட்டன் பெயர் ஐ.எல்.ஆர். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் 5 ஆண்டு தொடர்ந்து இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. ‘லைஃப் இன் தி யு.கே.’ தேர்வில் பாஸாக வேண்டும், ஆங்கிலத் தகுதி வேண்டும், சம்பள வரம்பு பொருந்த வேண்டும். 2025 நிலவரப்படி கட்டணம் ஒருவருக்கு 3,029 பவுண்டு.

ஐ.எல்.ஆர். கையில் இருந்தால் யாரிடமும் வேலை பார்க்கலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம், வேலை போனாலும் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. பொதுவாக ஓராண்டு கழித்துக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம்.

என்ன மாறப்போகிறது?

2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே 10 ஆண்டு என்ற எண் வந்துவிட்டது. நவம்பர் அறிவிப்பு அதற்கு ஒரு கணக்கு முறையைக் கொடுத்திருக்கிறது. எல்லோருக்கும் தொடக்கப்புள்ளி 10 ஆண்டு. அதிலிருந்து கூட்டலும் கழித்தலும் நடக்கும்.

கழித்தல் இப்படி:

• விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் வருட வருமானம் 50,270 பவுண்டுக்கு மேல் இருந்தால் 5 ஆண்டு குறையும்.
• 1,25,140 பவுண்டுக்கு மேல் என்றால் 7 ஆண்டு குறையும்.
• அரசு மருத்துவமனை மருத்துவர், நர்ஸ் போன்ற பட்டப்படிப்புத் தரத்திலான பொதுச்சேவைப் பணி என்றால் 5 ஆண்டு குறையும்.
• ஆங்கிலத்தில் சி-1 நிலை இருந்தால் 1 ஆண்டு குறையும்.

இவற்றை ஒன்றோடொன்று கூட்டிக்கொள்ள முடியாது. எது பெரிய சலுகையோ அது ஒன்றுதான் கணக்கில் வரும்.

கூட்டல் இப்படி:

• அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் 5 ஆண்டு கூடும். 12 மாதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் 10 ஆண்டு கூடும்.
• சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்கும் விசா முடிந்தும் தங்கியவர்களுக்கும் 20 ஆண்டு வரை கூடும்.

பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழே வகைப்படுத்தப்பட்ட வேலைகளில் இருப்பவர்களுக்குத் தொடக்கப்புள்ளியே 15 ஆண்டு. கேர் ஒர்க்கர்களும் ரெஸ்டாரன்ட் செஃப்களும் இந்த வகையில் வருகிறார்கள்.

நவம்பர் அறிவிப்பில் இவை எல்லாமே முன்மொழிவுகளாகத்தான் வந்தன. கருத்துக் கேட்புக்கு 2026 பிப்ரவரி 12 வரை அவகாசம் தரப்பட்டது. 2026 ஏப்ரல் முதல் படிப்படியாக அமலாக்குவதாக அரசு அப்போது சொன்னது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு இடைக்காலச் சலுகை வேண்டுமா என்பதும் கருத்துக் கேட்பில் இருந்த கேள்விகளில் ஒன்று.

யாருக்குப் பாதிப்பில்லை?

ஏற்கெனவே ஐ.எல்.ஆர். வாங்கியவர்களுக்கு இதனால் மாற்றம் இல்லை. பிரிட்டன் குடிமக்களின் கணவன், மனைவிக்கு 5 ஆண்டு விதி தொடரும். ஹாங்காங்கிலிருந்து சிறப்பு விசாவில் வந்தவர்களுக்கும் அப்படியே. குளோபல் டேலன்ட் விசாக்காரர்களுக்கு 3 ஆண்டு பாதை இருக்கும்.

ஒரே வீட்டில் மூன்று கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். 2022 ஜனவரியில் கோவையிலிருந்து ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் ரெடிங் போன ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். கூடவே மனைவி, ஒரு குழந்தை. பழைய கணக்குப்படி 2027 ஜனவரியில் மூன்று பேருக்கும் ஒன்றாக ஐ.எல்.ஆர்.

புதிய கணக்கில் அவருடைய சம்பளம் மூன்று வருஷமாக 52,000 பவுண்டு என்றால் அவருக்குப் பிரச்சினை இல்லை. 10-ல் 5 கழிந்து அதே 2027. ஆனால் சம்பளம் 45,000 என்றால் 2032. சி-1 ஆங்கிலம் எழுதி பாஸானால் 2031.

மனைவி கதை வேறு. துணைவருக்குத் தனிக் கணக்கு என்கிறது முன்மொழிவு. கணவரின் சம்பளச் சலுகை மனைவிக்கு அப்படியே வராது. அதோடு, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் 3 முதல் 5 ஆண்டு வரை வருடத்துக்கு 12,570 பவுண்டுக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அந்த ஊரில் வருமான வரி தொடங்குவதே அந்தத் தொகையில்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலைக்குப் போகிறவருக்கும் இது பெரிய தடை. விலக்கு யாருக்கு என்பது அந்த அறிவிப்பில் முடிவாகவில்லை.

குழந்தைக்கு என்ன? இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவருக்கு 2025-26-ல் வருடக் கட்டணம் 9,535 பவுண்டு. அந்தக் கட்டணத்துக்குத் தகுதி பெற பொதுவாக நிரந்தரக் குடியிருப்பு வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், அதாவது இரண்டு மூன்று மடங்கு. இப்போது 12, 13 வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் தூக்கம் தொலைப்பது இதனால்தான்.

செலவு எவ்வளவு கூடும்?

5 ஆண்டு கூடுதல் காத்திருப்பு என்றால் விசாவை நீட்டிக்க வேண்டும். அதோடு ஹெல்த் சர்சார்ஜ். பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. மேலே சொன்ன குடும்பத்துக்கு 5 ஆண்டுக்கு இது மட்டும் 14,230 பவுண்டு. விசா நீட்டிப்புக் கட்டணம், 2025 நிலவரப்படி, ஆளுக்கு 1,751 என்று மூன்று பேருக்கு 5,253. மொத்தம் 19,483 பவுண்டு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தாலே 22 லட்சத்தைத் தாண்டுகிறது. சம்பளத்தில் பிடிக்கும் வரி, இன்சூரன்ஸ் போக, தனியாகக் கட்டும் பணம் இது. ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு மட்டும் இந்த சர்சார்ஜ் கிடையாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம்

பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். இந்த மாற்றத்தில் அதிகம் பேசப்படாத பகுதி வேறு: ஸ்பான்சர்.

ஸ்கில்டு ஒர்க்கர் விசா ஆளுக்குக் கொடுக்கப்படுவதாகத் தெரிந்தாலும், அது தொங்குவது கம்பெனி மேல்தான். வேலை போனால், பொதுவாக 60 நாளுக்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்க வேண்டும், சம்பளமும் விசா வரம்பைத் தொட வேண்டும். பொது வரம்பு 2024 ஏப்ரலில் 26,200-லிருந்து 38,700 பவுண்டு ஆனது. 2025 ஜூலையில் 41,700 ஆனது.

இதனால் என்ன ஆகிறது? ஹைக் கேட்கத் தயக்கம். ஓவர்டைம் மாட்டேன் என்று சொல்லத் தயக்கம். மேனேஜர் மோசமாக நடத்தினாலும் ‘பி.ஆர். வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற சமாதானம். 5 ஆண்டு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக்கூடிய காலம். 10 ஆண்டு அப்படியில்லை. 15 ஆண்டு என்பது ஒருவருடைய வேலை வாழ்க்கையில் பாதி. ஆக, நீள்வது காத்திருப்பு மட்டுமல்ல. முதலாளியை நம்பியிருக்க வேண்டிய காலமும் சேர்ந்தே நீள்கிறது.

கேர் துறையில் இது என்ன செய்யும் என்பதற்கு அந்நாட்டு அரசின் கணக்கே சாட்சி. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை, விதிமீறலுக்காக 470-க்கும் அதிகமான கேர் நிறுவனங்களின் ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கும் மேல். தவறு நிறுவனத்துடையது, விசா ஆட்டம் காண்பது தொழிலாளிக்கு. அவர்களுக்குத்தான் மிக நீண்ட காத்திருப்பு என்பது இந்தத் திட்டத்தின் பெரிய முரண்.

அரசு சொல்லும் காரணம் என்ன?

அரசின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023-ஐ ஒட்டிய காலத்தில் பிரிட்டனின் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. 2022-ல் கேர் ஒர்க்கர்களுக்கு விசா திறந்துவிடப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது வந்தவர்கள் 2027, 2028-ல் ஐ.எல்.ஆர்.க்குத் தகுதி பெறுவார்கள். 2026 முதல் 2030 வரை 16 லட்சம் பேர் நிரந்தரமாகலாம், 2028-ல் மட்டும் சுமார் 4.5 லட்சம் என்பது அரசின் மதிப்பீடு. வீடு, மருத்துவம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் சுமை கூடும் என்கிறது அரசு.

அரசியலும் இருக்கிறது. ஐ.எல்.ஆர். முறையையே ஒழிப்போம் என்று நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யு.கே. கட்சி 2025 செப்டம்பரில் அறிவித்தது. லேபர் அரசுக்கு அந்த நெருக்கடி.

ஆனால் ஆட்கள் வருவதே ஏற்கெனவே குறைந்துவிட்டது. 2025 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 2,04,000 மட்டுமே. வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களை எடுப்பதும் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வருபவர்களைக் குறைப்பது ஒரு கொள்கை. வந்து பாதி தூரம் நடந்தவர்களுக்குப் பாதையை நீட்டுவது வேறொரு கொள்கை. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் சிக்கல்.

கோர்ட்டுக்குப் போனால்?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2006-ல் ஹெச்.எஸ்.எம்.பி. என்ற உயர்திறனாளர் விசாவில் இருந்தவர்களுக்கு விதிகள் நடுவழியில் மாற்றப்பட்டன. நிரந்தரக் குடியிருப்புக்கான காலமும் 4 ஆண்டிலிருந்து 5 ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் ஹெச்.எஸ்.எம்.பி. ஃபோரம் என்ற பெயரில் வழக்குப் போட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் புது விதியைத் திணித்தது சட்டப்படி தவறு என்று 2008-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் குடியிருப்புக் கால விஷயத்திலும் அவர்களே வென்றார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்புகள், அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அரசே எழுத்தில் கொடுத்திருந்த உறுதியை அடிப்படையாகக் கொண்டவை. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கை வைக்கலாம், அதை மட்டுமே நம்பித் திட்டம் போட முடியாது.

இப்போது என்ன செய்யலாம்?

• இப்போதே தகுதி இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். 5 ஆண்டு முடிய 28 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.
• எந்த விசாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கம்பெனி டிரான்ஸ்ஃபர் விசாவில் இருந்த காலம் 5 ஆண்டுக் கணக்கில் சேராது. ஐ.டி.காரர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.
• பே ஸ்லிப், பி-60, பயணத் தேதிகளை ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். வரி பாக்கி, மருத்துவமனை பாக்கி வைக்காதீர்கள்.
• சி-1 ஆங்கிலத் தேர்வு எழுத முடிந்தால் எழுதிவிடுங்கள். ஓர் ஆண்டு மிச்சமாகலாம்.
• வேலை மாறும் எண்ணமிருந்தால், புது விண்ணப்பம் ஓகே ஆகும் முன் பழைய வேலையை விடாதீர்கள்.
 
• ‘பழைய ரூல்லயே வாங்கித் தர்றேன்’ என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். வழக்கறிஞர் அல்லாதவர் ஆலோசனை சொன்னால், குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

இனி புதிதாகக் கிளம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அஞ்சு வருஷத்துல பி.ஆர்.’ என்று சொல்லி விற்கப்படும் எந்தக் கோர்ஸையும் எந்த வேலையையும் இன்றைய விதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 10 ஆண்டு ஆனாலும் இந்தச் சம்பளமும் இந்த வேலையும் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ‘ஆமா’ என்று பதில் வந்தால் மட்டும் கிளம்புங்கள்.