பிணைக்கு ஆளில்லை

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிச் சிறைவாசிகளுக்கு இனிப்பு வழங்குவது நல்ல வழக்கமே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும், திருச்சி மத்திய சிறை போன்ற உயர்ந்த மதில்களுக்குள் அதைப் பெற்றுக்கொள்ளும் கைகள் யாருடையவை என்று வினவ வேண்டாமா?

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவருக்குக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

காட்டூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் பட்டறைத் தொழிலாளி ஒருவன் கைதானதாகக் கொள்வோம். நீதிமன்றம் ஜாமீன் வழங்கிவிடுகிறது. ஆனால், சொத்துள்ள இருவர் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்திட வேண்டும். அவனுடைய உறவினரும் வாடகைக் குடித்தனக்காரரே. வசதி படைத்தவன் மாலையில் வீடு திரும்ப, இவன் உள்ளேயே கிடக்கிறான். இங்கே மதில் காப்பது குற்றத்தையா, வறுமையையா?

'வெளியே விட்டால் ஓடிவிடுவான்' என்பர் சிலர். அதை எண்ணிப் பார்த்த பின்னரே நீதிபதி ஜாமீன் அளித்தார் அன்றோ? 1978இல் மோத்தி ராம் என்னும் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் அவரது பிணையை மறுத்தது கீழ்நீதிமன்றம். அதனைக் கண்டித்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையிலேயே அவரை விடுவித்தார். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க இயலாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றங்கள் தாமாகவே ஆராயலாம் என 2023 ஜனவரி 31 அன்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்புகள் உள்ளன, அவற்றை ஏழைக்காக எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

திருச்சபையின் பழைய மறைக்கல்வி, இரக்கச் செயல்களுள் ஒன்றாகச் சிறைப்பட்டோரை 'மீட்பதை'க் குறிப்பிட்டது. வெறுமனே பார்த்துவிட்டு வருவதை அன்று. 1218இல் புனித பேதுரு நொலாஸ்கோ பார்சிலோனாவில் தொடங்கிய சபையின் துறவியர், தேவைப்பட்டால் கைதிக்கு ஈடாகத் தம்மையே கொடுப்பதாக நான்காம் வார்த்தைப்பாடு அளித்தனர். நம்மிடம் கேட்கப்படுவதோ ஒரு கையெழுத்து!

அதில் இடர் இல்லை என்று சொல்லமாட்டோம். அவன் விசாரணைக்கு வராவிட்டால் பிணைத்தொகை நம் தலையில் விழும். இடரே இல்லாத அன்புக்கு இனிப்புப் பொட்டலம் போதும். பிணை நிற்க முன்வரும் வீட்டு உரிமையாளர்களின் பட்டியலை ஒவ்வொரு பங்குப் பேரவையும் வைத்திருக்கட்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு சேர்ந்து உழைக்கட்டும். அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில் சிறைக்குள் இனிப்புக்காக நீளும் கைகள் குறையட்டும்.