சிவப்பு அங்கி போட்ட நாய்

அமெரிக்காவில் வாடகை வீடு தேடுபவர்கள் நாலு பேர் கூடினால் இந்த யோசனை வந்துவிடும்: "நாய்க்குத் தனி வாடகை, தனி டெபாசிட்டா? ஆன்லைன்ல எமோஷனல் சப்போர்ட் சர்டிபிகேட் வாங்கிடுங்க. மனநல மதிப்பீடெல்லாம் சும்மா கண்துடைப்பு."

முதலில் அந்த சர்டிபிகேட். தங்க முத்திரை, நாயின் படம் போட்ட அட்டை, அதற்கு மாட்டிவிட ஒரு சிவப்பு அங்கி எல்லாம் பார்சலில் வந்துவிடும். ஆனால் மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் இந்த எமோஷனல் சப்போர்ட் பிராணிகளுக்கென்று அரசுப் பதிவேடே கிடையாது. காசு கட்டி வாங்கிய பதிவுத் தாள் மட்டும் போதாது என்று மத்திய வீட்டுவசதித் துறை 2020-லேயே சொன்னது. வீட்டுக்காரரிடம் எடுபடுவது உரிமம் பெற்ற மனநல நிபுணரின் கடிதம்.

அந்தக் கடிதம் கண்துடைப்பா? கலிபோர்னியாவில் 2022 முதல், நாய்க்குக் கடிதம் தர வேண்டுமானால் நிபுணருக்கும் உங்களுக்கும் குறைந்தது 30 நாள் தொடர்பு இருக்க வேண்டும். உங்களை மதிப்பிட்டிருக்கவும் வேண்டும். இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள்? கடைக்குப் போவதைத் தள்ளிப்போட்டு எத்தனை நாள் ஆகிறது? நெஞ்சு படபடக்கும்போது நாய் பக்கத்தில் இருந்தால் என்ன மாறுகிறது? இப்படித்தான் கேள்விகள் போகும். "அதைக் காலையில் வெளியே கூட்டிப் போகணுமே, அதுக்காகத்தான் எழுந்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதில் நோயும் இருக்கிறது, நாய் செய்யும் வேலையும் இருக்கிறது. நிபுணர் தேடுவது இந்த இரண்டையும்தான். இல்லையென்றால் கடிதம் தர மறுக்கலாம்.

"பயிற்சியே இல்லாத நாய்க்கு என்ன உரிமை?" என்பது இன்னொரு வாதம். இது இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புவது. உணவகத்துக்குள் வரும் சேவை நாய்க்குப் பயிற்சி கட்டாயம்; அது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுக்கு 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்பு அதில் 1988-இல் சேர்ந்தது. அங்கே பயிற்சிச் சான்று தேவையில்லை. எமோஷனல் சப்போர்ட் பிராணிகளை ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் 2021-இல் விமான நிறுவனங்களுக்கு நீங்கியதைக் கேட்டு, வீட்டிலும் போய்விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம் என்பதும் மிகை. பெட் டெபாசிட் கேட்க முடியாதுதான்; கதவைப் பிராண்டி வைத்தால் செலவைக் கேட்கலாம். கடிக்கிற நாயை மறுக்கலாம். உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கு மத்தியச் சட்டத்தில் விலக்கே உண்டு.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் நீட்டிய போலி அட்டைகளைப் பார்த்துச் சலித்த வீட்டுக்காரர், அடுத்து வருபவரின் உண்மையான கடிதத்தையும் நம்பாமல் "உங்களுக்கு என்ன வியாதி?" என்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை; கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.