கால் மைலும் கடைத்தெருவும்

1955ஆம் ஆண்டின் செவர்லே கார் ஒன்றை வெட்டித் திருத்திப் பந்தய வண்டியாக்கியவரைக் கண்டால் பழங்கார் அன்பர்கள் சினங்கொள்வர். ஆலையிலிருந்து வந்த உருவம் சிதைந்தது, வரலாறு அழிந்தது என்று புலம்புவர். இப்புலம்பல் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதுதான். ஆயினும் இது பொருத்தமான குற்றச்சாட்டு அன்று. அவ்வொரு மாதிரி ஆண்டில் மட்டும் செவர்லே நிறுவனம் ஏறத்தாழ 17 இலட்சம் கார்களைச் செய்து தள்ளியது. அவற்றுள் சிலவற்றை இளைஞர்கள் வெட்டியதால் வரலாறு அழிந்துவிடாது.

ஏட்டுச்சுவடிகளின் கதையை அறிந்த தமிழாசிரியர்க்கு இது விளங்கும். பெட்டியில் பூட்டிய ஏடு செல்லுக்கு இரையாயிற்று. கையாளப்பட்டதும் பெயர்த்தெழுதப்பட்டதுமான ஏடே எஞ்சியது. ஏட்டைத் திருத்தலாகாது, காரை மட்டும் திருத்தலாமோ என வினவுவோர் உளர். ஒரே ஏடு எஞ்சிய இடத்தில் திருத்தம் பெருங்குற்றமே. இலட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட இரும்புக்கு அவ்விதி பொருந்தாது. 'பாப்புலர் ஹாட் ராடிங்' என்னும் அமெரிக்க இதழ் 1957ஆம் ஆண்டின் செவர்லே ஒன்றை 1965இல் 250 டாலருக்கு வாங்கி, 'பிராஜெக்ட் எக்ஸ்' எனப் பெயரிட்டு, என்ஜினை மீண்டும் மீண்டும் மாற்றிச் சோதித்துவந்தது. 1980இல் அது திரைப்படத்தில் ஓடியது. 2021இல் மின்மோட்டாரும் பெற்றது. கைபடாத அதன் உடன்பிறப்புகள் பல துருவாய் உதிர்ந்துவிட, கைபட்ட இவ்வண்டி இன்றும் இருக்கிறது.

ஆகவே திருத்துவோர் மீது வழக்குத் தொடுப்பதாயின், அது பழமையின் பெயரால் தொடுக்கத்தக்கதன்று. அவர்கள் சொல்லும் ஒரு சொல்லின் பெயரால் தொடுக்கத்தக்கது. "தடத்திற்கும் உகந்தது, தெருவிற்கும் உகந்தது" என்கின்றனர். முதற்பாதியை அவர்கள் கடிகாரம் வைத்து மெய்ப்பிக்கின்றனர். இரண்டாம் பாதியை மெய்ப்பிப்போர் எத்தனை பேர்?

பந்தயத்திற்கெனத் தனித்தடம் தோன்றிய காரணத்தை இங்கே நினைத்தல் தகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய கார்களுக்கு வேகம் ஏற்றிப் பொதுச் சாலைகளில் போட்டியிட்டனர். ஊரார் அஞ்சினர்; காவலர் துரத்தினர். 1950இல் சாண்டா அனா விமானத்தளத்தின் ஓடுபாதையில் முறையான கால் மைல் ஓட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியராய் இருந்த வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். வேகத்தைத் தெருவிலிருந்து பிரித்து, விதியும் வேலியும் உள்ள இடத்திற்குக் கொண்டுசெல்வதே அம்முயற்சியின் கருத்து. 1955இல் கன்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் என்னும் ஊரில் அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது. செவர்லேயின் புதிய எட்டுச் சிலிண்டர் என்ஜின் சந்தைக்கு வந்ததும் அதே மாதிரி ஆண்டில்தான்.

அந்த என்ஜின் 265 கன அங்குலம், குதிரைத்திறன் 162. இன்று அதே காரின் முகப்பில் 572 கன அங்குல என்ஜினைப் பூட்டுவோர் உளர். செவர்லே நிறுவனமே அதனைப் பெட்டியிலிட்டு விற்கிறது. திறன் 620 குதிரை. ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் அந்தக் கார் ஆலையிலிருந்து வந்தபோது நான்கு சக்கரங்களிலும் உருளை பிரேக்கே இருந்தது. பிரேக் எண்ணெய் செல்லும் வழியும் ஒன்றே. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போம். மோதலின்போது மடங்கிக்கொடுக்கும் ஸ்டியரிங் தண்டு அந்நிறுவனத்தின் கார்களில் 1967இல்தான் வந்தது. 1955இன் தண்டோ, ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நீட்டிய ஈட்டி.

இவற்றை மாற்றாமல் என்ஜினை மட்டும் மாற்றியவரைக் குறைகூறுதல் எளிது. அறிந்து மாற்றியவரும் வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. அவர் முன்சக்கரங்களுக்கு வட்டு பிரேக் பொருத்துகிறார். மிதிக்குத் துணைவிசை தரும் கலமும் பூட்டுகிறார். அக்கலம் தன் வலிமையை எங்கிருந்து பெறுகிறது? என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் உட்குழாயில் உண்டாகும் வெற்றிடத்திலிருந்து. பந்தயத்திற்கெனக் கேம் தண்டை மாற்றியதும் உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே நெடுநேரம் திறந்து நிற்கின்றன. உயர்ந்த சுழற்சியில் அதனால் திறன் பெருகும். விளக்குக் கம்பத்தடியில் என்ஜின் தள்ளாடி உறுமி நிற்கும் பொழுதோ, வெற்றிடம் குன்றிவிடும். ஒரு முறை மிதித்தால் கார் நிற்கும். அடுத்தடுத்து மிதித்தால் மிதி இறுகும். முன்செல்லும் வலிமைக்காகச் செய்த திருத்தமே நிற்கும் வலிமையைத் திருடிக்கொள்கிறது. அந்த உறுமலைக் கேட்டுத்தான் சாலையோரத்து இளைஞர் கைதட்டுகின்றனர்.

தடத்தில் இக்குறை பெரிதாகத் தெரியாது. 402 மீட்டர் ஓடி முடித்தபின் நேரான நீண்ட பாதை காத்திருக்கிறது. குறுக்கே வருவார் இல்லை. ஒரு முறை நிறுத்தினால் போதும். அங்கேயும் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டும் வண்டிக்குப் பாராசூட் வேண்டுமென்பது சங்கத்தின் விதி. 2008இல் ஸ்காட் கலிட்டா என்னும் வீரர் தடத்தில் உயிரிழந்தபின், மிக விரைவான இரு பிரிவுகளின் ஓட்டத்தை 1000 அடியாகவே குறைத்துவிட்டனர். வேகத்தையே தொழிலாகக் கொண்டோர் இவ்வளவு அஞ்சுகின்றனர். கடைத்தெருவில் அதே வண்டியை ஓட்டிச் செல்பவருக்கு மட்டும் அச்சம் எதற்கு என்று தோன்றுகிறது போலும்!

பாதுகாப்பிற்கென வைத்த பொருளும் இடம் மாறினால் பகையாகும். கால் மைலை 9.99 வினாடிக்குள் கடக்கும் பழைய காருக்கு இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு கட்டாயம். தடத்தில் ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, தோள்வார்களால் இருக்கையோடு பிணிக்கப்பட்டிருக்கிறார். கூண்டு அவரைக் காக்கிறது. தெருவில் அவர் வெறுந்தலையோடு அமர்கிறார். சிறு மோதலிலும் தலை சென்று மோதும் தொலைவில் குழாய் நிற்கிறது. பக்கத்தில் மனைவியையோ பிள்ளையையோ அமர்த்திக்கொண்டு அவர் 'தெருவிற்கும் உகந்தது' என்கிறார்.

பள்ளமற்ற பந்தய டயர் மழைநீரின்மேல் வழுக்கி மிதக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

"தடம் வரைக்கும்தானே ஓட்டுகிறோம்" என்பது இவர்களின் மறுமொழி. தடம் வரைக்கும் உள்ள சாலையில் பள்ளிப் பேருந்து செல்லாதா? "கவனமாக ஓட்டுகிறோம்" என்பது மற்றொன்று. குறுக்கே ஓடிவரும் குழந்தையின் கவனமும் இவர்கள் கையில் இருக்கிறதா?

இரண்டையும் ஒரு வண்டியில் இணைக்க இயலாது என்றால் இவ்வழக்கில் பாதி தள்ளுபடியாகும். இயலும் என்பதற்குச் சான்று இருப்பதால்தான் குற்றம் வலுக்கிறது. 'ஹாட் ராட்' இதழ் 2005இல் 'டிராக் வீக்' என்னும் போட்டியைத் தொடங்கியது. பந்தயக் கார் தன் சொந்தச் சக்கரங்களில் பொதுச் சாலை வழியே ஐந்து நாளில் 1000 மைலுக்கு மேல் செல்ல வேண்டும். வழியிலுள்ள தடங்களில் நாள்தோறும் ஓடவும் வேண்டும். காரை லாரியில் ஏற்றிச் செல்லுதல் ஆகாது. கருவிகளையும் உதிரிப்பொருள்களையும் உடன் சுமக்க வேண்டும். கூடவே துணை வண்டி வருதலும் ஆகாது. இப்போட்டிக்கு வருவோர் சாலையை ஒரு விருந்தாளியாக அன்றி ஒரு தேர்வாளராக நடத்தக் கற்றுக்கொள்கின்றனர். 4.56 என்னும் பின் அச்சுப் பல்விகிதத்தோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் சென்றால் என்ஜின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3400 முறை சுழலும். நாள் முழுதும் அவ்வாறு சுழன்றால் வெப்பம் தாங்காது. ஆதலின் சுழற்சியை 2400 அளவிற்குத் தணிக்கும் கூடுதல் கியரைச் சேர்க்கின்றனர். பெரிய ரேடியேட்டர் வைக்கின்றனர். வெற்றிடம் போதாதெனில் மின்பம்பு வைத்தோ, ஸ்டியரிங்கின் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டோ பிரேக்கிற்குத் துணைவிசை தருகின்றனர். இவற்றுள் எதுவும் மறைபொருள் அன்று. பணம் செலவாகும், கால் மைல் நேரத்தில் சிறிது இழப்பும் நேரலாம். அவ்விழப்பை ஏற்க மனமில்லாதவர், காரை லாரியில் ஏற்றித் தடத்திற்குக் கொண்டுசென்று, அங்கேயே ஓட்டி, அவ்வாறே மீட்டுக்கொண்டு வருவதில் இழிவொன்றும் இல்லை. 'தெரு' என்னும் சொல்லை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும்.

இத்தகைய வண்டிகளை விற்போரின் விளம்பரத்தில் குதிரைத்திறன் முதல் வரியில் நிற்கும். வண்ணப்பூச்சு இரண்டாம் வரியில். வாங்க வருபவர் என்ஜினை முடுக்கச் சொல்லி மகிழ்வதற்குமுன், அது மெதுவாக உறுமி நிற்கும்போதே பிரேக் மிதியை நாலைந்து முறை அடுத்தடுத்து அழுத்திப் பார்க்கட்டும். மிதி கல்லாய் இறுகுமானால், விலை பேசாமலே திரும்பிவிடலாம்.