ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மாதம் பிரான்சில் மகனுடன் இருக்கப் போகிறாராம். வீட்டு ஷெட்டில் அவருடைய பழைய ஃபியட் நிற்கிறது. "பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சாவி கொடுத்திருக்கேன் சார். ஞாயிற்றுக்கிழமை ஆனா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடுவான். வண்டி நல்லா இருக்கும் இல்ல?" என்றார்.

இருக்காது என்றேன். திடுக்கிட்டுப் போனார். காரணம் கேட்டார். போனில் சொல்லி முடியாது, எழுதிவிடுகிறேன் என்றேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கோப்பு புரட்டியவன். சொந்தமாக எனக்கு இருந்ததெல்லாம் ஒரு சைக்கிளும் பிறகு ஒரு மொபெட்டும்தான். இந்த விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அண்ணனின் கார். அண்ணன் இறந்த பிறகு கற்றுக்கொடுத்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' என்றால் விளக்க வேண்டியதில்லை. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். அப்பா எடுக்கவில்லை. நான் சிறுவன், அப்பாவோடு இந்தியனாக இங்கேயே இருந்துவிட்டேன். இருவரும் படித்தது ஒரே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான். அவருக்கு அந்த மொழி சோறு போட்டது. எனக்கு அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல உதவியது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் கிழக்கு பிரான்சில் பெல்ஃபோர் நகருக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் தங்கிவிட்டார். அங்கே ஒரு விவசாயியிடம் பழைய வண்டியாக வாங்கியதுதான் அந்த சித்ரோன் 'தே ஷெவோ'. இரண்டு குதிரை என்று பொருள். வரிக் கணக்குக்கான குதிரைசக்தி அது. 1965ஆம் வருட மாடல், 425 சிசி, இரண்டே சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி 1990வரை தயாரான வண்டி வகை அது. ஏழை விவசாயிக்கென்றே செய்தது. குடை போட்ட தகர டப்பா மாதிரி இருக்கும்.

2011 ஆகஸ்டில் அண்ணன் காலமானார். என்னால் உடனே போக முடியவில்லை. விசா கிடைத்து 2012 ஜனவரியில் போய்ச் சேர்ந்தேன். அண்ணி தனியாக இருந்தார். அண்ணன் மகனுக்கு ஸ்த்ராஸ்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, கராஜுக்குப் போய் அப்பாவின் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டுக் கிளம்புவான். அக்டோபரிலிருந்து ஒரு வாரம் தவறவில்லையாம். நல்ல பிள்ளை. அப்பாவின் நினைவாகச் செய்தான்.

பிப்ரவரி முதல் இரண்டு வாரம் ஐரோப்பா முழுக்க ஒரு கடுங்குளிர் அடித்ததே, நினைவிருக்கிறதா? கராஜ் வாசலில் தொங்கிய தெர்மாமீட்டர் ஒரு காலையில் மைனஸ் 14 காட்டியது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்தாலே சால்வை தேடுகிற ஊர்க்காரன் நான். இரண்டு வாரம் ஜன்னலை விட்டு நகரவில்லை.

குளிர் விட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தன் புதுக் காரிலிருந்து கேபிள் போடுகிறேன் என்று பையன் கிளம்பினான். அண்ணி தடுத்துவிட்டார். "அது ஆறு வோல்ட்டுடா, உன் வண்டி பன்னிரண்டு. உங்கப்பா யாரையும் கிட்ட விடமாட்டார்" என்றார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. இதை யாருக்காவது இருக்கிறபடியே கொடுத்துடலாம். அம்மாவுக்கும் கவலை விட்டுப்போகும்" என்றான். அண்ணி பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணியே இரண்டு வீடு தள்ளியிருந்த ஒரு கிழவரை அழைத்து வந்தார். முன்னாள் கராஜ்காரர், எண்பது வயதிருக்கும். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, பாடப்புத்தகம் பேசுவது போல இருக்கிறது என்று சிரித்தார். பானெட்டைத் திறந்து, என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி என்னிடம் காட்டினார். உட்பக்கம் வெண்ணெய் போல ஏதோ அப்பியிருந்தது. "மயொனேஸ்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. எண்ணெயும் தண்ணீரும் அடித்துக் கலந்தால் அப்படித்தான் ஆகுமாம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாதே என்று கேட்டேன். அன்று அவர் சொன்னதைத்தான் நண்பருக்கு இப்போது சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கி எண்ணெயில் கலக்கும். மீதி சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் சோக்கை இழுக்கிறோம். அப்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பேட்டரிக்கும் நஷ்டம்தான். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை, மெதுவாக ஓடும் பழைய டைனமோ ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுக்காது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கடன். நாலு மாதத்தில் பேட்டரி காலி.

ஆக, பையன் வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறான். சும்மா விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்றார் கிழவர்.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் வண்டியைக் கிளப்பவே முயலவில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் மெதுவாக சார்ஜ் ஏற்றினார். மயொனேஸ் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினார். டாங்கியிலிருந்த பெட்ரோலை முகர்ந்து பார்த்தேன், பழைய வார்னிஷ் வாடை. சீக்கிரம் பற்றிக்கொள்ளும் லேசான பகுதிதான் முதலில் ஆவியாகிப் போகுமாம், குளிரில் கிளம்ப வேண்டியது அதை வைத்துத்தானாம். அதையும் வடித்தாயிற்று. விசிறிக் கூண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், காய்ந்த இலையில் ஒரு எலிக் கூடு. அதை எடுக்காமல் ஓட்டியிருந்தால் காற்று போகாமல் என்ஜின் வெந்திருக்கும். பையன் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போயிருந்தான். அது ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை முன்னும் பின்னும் அசைத்துத்தான் விடுவிக்க முடிந்தது. கடைசியாக இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டார். "இன்றைக்கு இவ்வளவு போதும். ராத்திரி ஊறட்டும்" என்று போய்விட்டார்.

மறுநாள் ஹேண்டிலை என் கையில் கொடுத்தார். சின்ன வயதில் நம்மூர் பஸ்ஸுக்கு க்ளீனர் முன்னால் நின்று சுற்றுவாரே, அதே ஹேண்டில்தான். பிளக் இல்லாததால் லேசாகச் சுற்றியது. முதலில் கரகரவென்றது, பத்துச் சுற்றுக்குப் பிறகு வழுவழுவென்று வந்தது. எங்கே இறுகுகிறது என்று கைக்குத்தான் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது என்றார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொன்னார். எதிர்த்து உதைத்தால் எலும்பு முறிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு பையன் வந்தான். பிளக், பேட்டரி எல்லாம் மாட்டியாயிற்று. அவனை உட்காரவைத்து, கிழவர் வெளியிலிருந்து "ஸ்தார்தேர் இழு!" என்றார். நான் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்யும் பிடியை இழுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பிரெஞ்சில் ஸ்தார்தேர் என்றால் சோக்காம். நாம் ஸ்டார்ட்டர் என்கிறோமே, அதன் பெயர் தெமாரேர். பிரெஞ்சு மீடியத்தில் படித்து என்ன பயன்!

மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது. அணைக்க வேண்டாம், போய் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா என்றார் கிழவர். அண்ணி கோட்டு மாட்டிக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். நான் பின் சீட்டில் ஏறினேன். ஒன்றரை மணி நேரம் கிராமத்துச் சாலைகளில் சுற்றினோம். பாதி வழியில் அண்ணி பேச ஆரம்பித்தார். ஆகஸ்டில் அண்ணனுக்கு என்ன ஆனது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரவு என்ன சொன்னார், எல்லாம். பையன் அதில் பாதியை அன்றுதான் கேட்டான் என்று நினைக்கிறேன். அத்தனை ஞாயிறும் வந்திருக்கிறான், ஆனால் அந்தப் பேச்சுக்கு நேரம் இருந்ததில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அண்ணனுக்கு நான் எப்படிப் போன் செய்தேன்? புது வருஷத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. "உடம்பு எப்படி? அங்கே குளிரா? சரி, வைக்கட்டுமா?" அந்தக் காலத்தில் நிமிடக் கணக்கில் பணம் போகும், அதனால் அப்படிப் பழகிவிட்டது. பிறகு கட்டணம் குறைந்தது, பழக்கம் போகவில்லை. அவருக்கு நெஞ்சுவலி இரண்டு வருஷமாக இருந்ததை, அவர் போன பிறகு அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷமும் நான் போன் செய்தேன். கடமை தவறவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

அதனால்தான் இந்த ஐந்து நிமிடப் பராமரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. செய்கிறவர் மனதுக்கு அது ஆறுதல். செய்யப்படுகிற பொருளுக்கோ மனிதருக்கோ அதில் சூடு ஏறுவதில்லை. வாரம் ஐந்து நிமிடத்தைவிட மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் மேல்.

வேலை இருக்கிறது, ஐந்து நிமிடமாவது பேசுகிறார்களே என்று பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசும் நண்பர்கள் உண்டு. அதுவும் நியாயம்தான். காருக்கு ஐந்து நிமிடம் கெடுதல், மனிதருக்கு அப்படியே பொருந்தாது. குரல் கேட்டால் போதும் என்கிற நாட்களும் உண்டு. ஆனால் அது மட்டுமே போதும் என்று இரு பக்கமும் நம்பிவிட்டால், உள்ளே என்ன சேர்கிறது என்று யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை.

ஃபியட் நண்பருக்கு: பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கிளம்புவதற்கு முன் எண்ணெய் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நமக்குக் குளிர் இல்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரமும் எலியும் உண்டு. பையனுக்கு ஓட்டத் தெரிந்தால் மாதம் ஒரு முறை திண்டிவனம்வரை போய்வரச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அவசரப்பட்டுச் சாவி திருப்பாதீர்கள், ஒரு ராத்திரி ஊறட்டும்.

அண்ணன் வண்டியை அவர்கள் விற்கவில்லை. பையன் இப்போது வாராவாரம் வருவதில்லை. மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்குகிறான். அண்ணிக்கு அதுவே பிடித்திருக்கிறது. நானும் அவருக்குப் போன் செய்யும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் எண்ணை அழுத்துகிறேன்.