பழத்தைக் கெடுப்பது பூஞ்சணமா, நமது கையா?

சவளக்கடைப் பக்கம் தேசிக்காயும் தோடம்பழமும் விற்போரிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. வாங்கும்போது பளபளத்த பழம் சில நாட்களில் ஓரிடத்தில் நீர்கோத்து மெதுமையாகிறது. அதன்மேல் வெள்ளை படர்கிறது. வெள்ளையின் நடுவே பச்சைத் தூள் பூக்கிறது. மழையின் குற்றம் என்பார் ஒருவர். தோட்டக்காரர் பழம் சரியில்லை என்பார் இன்னொருவர். அடுத்த முறை விலையைக் குறைத்து, நட்டத்தைத் தோட்டக்காரர் தலையிலேயே கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதே என் கருத்து.

அந்தப் பச்சைத் தூளின் பெயர் பெனிசிலியம் டிஜிடாட்டம். பெயரைக் கேட்டதும் பெனிசிலின் மருந்து நினைவுக்கு வரும். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டது இதன் உறவான வேறோர் இனத்தை. இதுவோ தேசி, தோடை, நாரத்தை போன்ற ஒரே குடும்பத்துப் பழங்களையே நாடி வாழும் பங்கசு. உலகெங்கும் அறுவடைக்குப் பின் இப்பழங்களை அழிப்பவற்றுள் இதுவே முதன்மையானது.

இவ்வளவு அழிவு செய்யும் இந்தப் பங்கசுக்கு ஒரு பெரும் பலவீனம் இருக்கிறது. முழுமையான தோலைத் துளைக்க இதனால் முடியாது. இதன் வித்துகள் காற்றிலும் பெட்டியிலும் சாக்கிலும் எப்போதும் இருக்கின்றன. ஆயினும் தோலில் கீறல் விழுந்தால்தான் அவை உள்ளே நுழையும். காயத்திலிருந்து கசியும் எண்ணெயின் வாசமே உறங்கும் வித்தை எழுப்பிவிடுகிறது என்கிறது ஆய்வு. பக்கத்துப் பழத்தில் பச்சைத் தூள் படிந்தால் மட்டும் அது அழுகிவிடாது. அதுவும் காயப்பட்டிருக்க வேண்டும்.

இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். அங்கிருந்து ரயிலில் அனுப்பிய தோடம்பழங்கள் வழியிலேயே அழுகிப்போயின. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹரோல்ட் பவல் காரணத்தை ஆராய்ந்தார். 1908இல் வெளியான அறிக்கை காட்டிய குற்றவாளிகள் மிகச் சாதாரணமானவை: பறிப்பவரின் கத்தரி, நீளமாக விடப்பட்ட காம்பு, கைநகம், முரட்டுத்தனமாகக் கொட்டும் பழக்கம். கவனமாகக் கையாண்ட பழங்களில் அழுகல் வெகுவாகக் குறைந்தது.

நம்மவர் நிலை என்ன? தோடம்பழத்துக்குப் பேர்போன பிபிலை மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியான உள்நாட்டு ஊர்களிலிருந்து கல்முனைக் கரைக்குப் பழம் வந்துசேர நெடுந்தூரம். கொக்கத்தடியால் இழுத்து, நிலத்தில் விழுத்தி, சாக்கில் திணித்து, அந்தச் சாக்கின்மேல் ஆளும் ஏறி அமர்ந்தால் எத்தனை கீறல் விழும்? இறக்கும்போது எறிவது தனிக்கணக்கு.

2011 டிசம்பரில் மரக்கறி, பழங்களைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்ற வேண்டுமென்று அரசு கட்டாயப்படுத்தியது. விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினர், அரசு பின்வாங்கியது. அவர்களது கோபத்தில் நியாயம் இருந்தது. கூடைக்குப் பணம் வேண்டும். லொறியில் ஏறும் சுமையும் குறையும். அந்தச் செலவைக் கடைசிப்படியில் நிற்பவரே சுமக்க வேண்டும் என்றால் எந்தச் சட்டமும் நிலைக்காது. ஆனால் அன்றைய சட்டம் தோற்றதால் சாக்கு நல்லதாகிவிடவில்லை.

மருந்து அடித்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பழம் வாரக்கணக்கில் கெடாதிருப்பதற்கு இமசாலில் போன்ற மருந்துகளும் ஒரு காரணம். ஆனால் அந்த மருந்துக்கு அடங்காத பூஞ்சண வகைகள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. கீறலைத் தடுப்பதற்கோ எந்த மருந்தும் வேண்டியதில்லை. பனி காய்ந்தபின் பறித்தல், காம்பைத் தோலோடு ஒட்ட வெட்டுதல், நிலத்தில் விழாது ஏந்துதல், காயம்பட்டதை அன்றே பிரித்துச் சாற்றுக்கோ ஊறுகாய்க்கோ விற்றுவிடுதல்: இவ்வளவுதான்.

இவற்றைச் செய்யும் தோட்டக்காரருக்குக் கிலோவுக்குச் சில ரூபா கூடக் கொடுக்க வியாபாரி முன்வர வேண்டும். கூடை வாங்கக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் தேசிக்காய் விலை ஏறிவிட்டதென்று அங்கலாய்க்கும் நாம், அழுகிக் குப்பைக்குப் போன பழத்தின் விலையையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.