பிள்ளைத்தாய்ச்சிக்கு நடு மாதங்களிலும் இலேசான வேலை வேண்டும்

மூன்று மாதம் கழிந்து வாந்தி நின்றதும், "இனிப் பயமில்லை" என்று கங்காணி மறுபடியும் சரிவு மலைக்கே அனுப்புகிறார். வீட்டில் நாமும் தலையாட்டுகிறோம். ஐந்தாம் மாதமளவில் பிள்ளை அசைவது தெரியும். வயிறு முன்தள்ள இடுப்பு நோகும், சிலருக்குத் தலைசுற்றும். நெற்றியில் கூடைக்கயிறோடு கால் எப்படி நிலைக்கும்? நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற பயத்தில் நம் பெண்கள் வாய் திறப்பதில்லை.

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவேண்டாம். சத்து உடம்பில் சரியாகச் சேராது. நாம் பறித்த தேயிலைதான் அதைத் தடுக்கிறது!

1939இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில்தான் தீங்கான வேலையைத் தடுக்கிறது. அதற்கு முன்பு? நான்காம் மாதத்திலிருந்தே சமதரையில் வேலை, முழுப்பேர். இதைத் தோட்டத் தலைவர்கள் இந்த மாதமே துரையிடம் எழுத்தில் கேட்கவேண்டும்.