முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் தமிழில் அது வசவு. நடக்க வேண்டிய காரியத்தைக் கெடுப்பவன் என்று பொருள். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வசவின் அநியாயம் புரியும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஆளுநர் வடம் பிடிக்கும் தேர் அது. வடம் பிடிப்பவர்களுக்குப் படமும் செய்தியும் உண்டு. சக்கரத்தை ஒட்டிக் குனிந்து நடந்து, நொடி தவறாமல் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துபவர்களை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஓட்டத்தைப் போற்றி நிறுத்தத்தை இகழும் இந்தப் பழக்கம் நம் இலக்கிய உலகையும் பிடித்திருக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

தேரை விட்டு ஜீப்புக்கு வருவோம். மகேந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய வண்டிகள் பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் இன்னும் ஆங்காங்கே வயலுக்கும் வரப்புக்கும் போய்வருகின்றன. இவற்றில் பழையனவற்றுக்கு நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்றுதான். குழாயில் ஓரிடம் விட்டுப்போனால் நான்கும் போயிற்று.

அந்தக் குழாய் ஓடும் இடம்தான் சிக்கல். சேஸியின் உட்பக்கமாக, டேங்குக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில், கை நுழையாத வழியில் அது பின் ஆக்சிலுக்குப் போகிறது. சேற்றுநீர் அங்கேதான் தங்குகிறது. கடற்காற்றின் உப்பு அங்கேதான் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதி பளபளவென்றிருக்க, தெரியாத பகுதி துருவேறி மெலிகிறது.

வீட்டு வாசலில் இதைச் சரிசெய்பவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? கைக்கு எட்டும் இடத்தில் ரம்பத்தால் அறுத்து, ஒரு துண்டுச் செம்புக் குழாயை வைத்து ஒட்டுப்போடுகிறார்கள். எட்டாத இடம் எட்டாததாகவே இருக்கிறது. வேகமாக மிதிக்கும்போது அந்தக் குழாய்க்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டக்கூடும். வெறும் செம்பு வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். ஒட்டு தாங்கினாலும் அதற்கு அப்பாலுள்ள துரு தாங்காது. இதைச் சிக்கனம் என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. இது தள்ளிப்போடப்பட்ட விபத்து.

சரியான வழி கடினமானதன்று, பொறுமை கேட்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின் மேல் அமர்த்த வேண்டும். குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். எட்டாத இடத்துக்கு இரண்டே வழிகள்: டேங்கை இறக்குவது, அல்லது, பழைய குழாயைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, புதியதைச் சேஸியை ஒட்டியே கைக்கு எட்டும் வேறு பாதையில் கொண்டுபோவது. எந்தப் பாதையானாலும் சைலன்சரின் சூடும், சுழலும் உறுப்பும், கூரிய விளிம்பும் தொடாதபடி கிளிப்புகளால் இறுக்க வேண்டும். நீளத்தைக் கட்டுக்கம்பியால் அளந்துகொள்ளலாம். பிரேக்குக்கென்றே செய்யப்பட்ட இரும்புக் குழாயோ, செம்பு-நிக்கல் கலவைக் குழாயோதான் வேண்டும். முனையை விரிப்பதற்கு முன்பே நட்டைக் கோத்துவிட வேண்டும். பழைய முனை இரட்டை மடிப்பா, குமிழ் வடிவா என்று பார்த்து அதே வடிவில் விரிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

பிறகு காற்று எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது பொதுவான முறை. திறந்து கிடந்த பிரேக் ஆயில் உதவாது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாத டாட் 3 வகை, நீரேறிய பின் 140 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். ஆவி அமுங்கும், பெடல் தரை தட்டும், வண்டி நிற்காது. கடைசியாக, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் கசிவுக்குப் பார்க்க வேண்டும். விரிக்கும் கருவியும் பழகிய கையும் இல்லாதவர், முனை விரிக்கும் வேலையைப் பட்டறைக்கு விடுவதே மானம்.

இவ்வளவையும் இலக்கிய வாசகருக்கு ஏன் சொல்கிறோம்? இதைத் தெளிந்த தமிழில், காரணத்தோடு எழுதுவது யார் வேலை என்று கேட்பதற்காகத்தான். தொழிற்பயிற்சிப் பாடநூல்கள் தமிழில் உண்டு, அவை தேர்வுக்கானவை. கலைச்சொல் பட்டியல்களும் உண்டு. அவை பெயரிட்டதோடு நின்றுவிடுகின்றன. பிரேக்கைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நாள் கணக்கில் சண்டையிடுவோம். அது பிடிக்காமல் போவது ஏன் என்று ஒரு பத்தி எழுத மாட்டோம். மொழியின் உயிர் பெயரில் மட்டுமா இருக்கிறது? ‘காற்று எடு’, ‘மரை போயிற்று’, ‘பெடல் அமுங்குகிறது’ – பட்டறை தன் வினைச்சொற்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறது. ‘மரை கழன்றவன்’ என்று நாம் ஆளைத் திட்டுவதற்குக்கூட அங்கிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறோம்.

காணொளிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, கை செய்வதை அவை நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் ஒட்டுப்போடும் கையையும் அதே தெளிவோடு காட்டுகின்றன. எது சரி, ஏன் சரி என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாதிட எழுத்து வேண்டும். மெக்கானிக் படிக்க மாட்டார் என்பவர்களிடம், அவர் படிக்கும்படி நாம் எதை எழுதினோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

முன்மாதிரி இல்லாமலில்லை. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாயின. 2021இல் புதுவையில் மறைந்த கி. ராஜநாராயணன், பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய கரிசல் வட்டார அகராதியைத் தாமே முன்னின்று தொகுத்தார். ஏர் உறுப்புக்கும் வண்டி உறுப்புக்கும் கிடைத்த அந்த மரியாதை ஜீப்பின் உறுப்புக்கு ஏன் இல்லை? ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று பாகூரில் வித்தியாஸ்தானம் இருந்ததைச் சொல்கிறது. கருத்தரங்குதோறும் அதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். அதே ஊரில் ஒருவர் தம் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று விழிக்கும்போது, அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

சிற்றிதழ்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. இதழுக்கு ஒரு பக்கத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குங்கள். பட்டறைக்காரர் சொல்லட்டும், தமிழ் படித்தவர் உட்கார்ந்து கேட்டு, அவர் சொற்களைத் திருத்தாமல் எழுதட்டும். கவிதைக்கு ஒரு பக்கம் குறைந்தால் கவிதை செத்துவிடாது. பிரேக் குழாய் அப்படியல்ல.